கேம் நாயகனை ரோல்பிளேக்கு வெட்டித் தைப்பது: கெரால்ட்டை முன்வைத்து

கேள்வி இது: 'தி விட்சர் 3' கேமின் நாயகன் கெரால்ட்டை (கூலிக்கு அசுரர்களை வேட்டையாடும் 'விட்சர்' அவன்), பல கதையுலகப் பாத்திரங்கள் ஒரே ஊரில் வந்து மாட்டிக்கொள்ளும், ஆளுக்கொரு பாத்திரமாக மாறி மாறி எழுதும் ரோல்பிளே குழுவில் எழுத ஆசை. பாத்திரத்தை எழுத அனுமதி கேட்டு அனுப்பிய அப்ளிகேஷன் திரும்பி வந்துவிட்டது. அட்மின்கள் சொன்ன குறைகள் இரண்டு: "பவர் அதிகம்", "குணத்தைக் கேட்டால் கதைச்சுருக்கம் எழுதியிருக்கிறீர்கள்". எதை வெட்டுவது, எதைச் சேர்ப்பது?

இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான். கேமில் உலகமே கெரால்ட்டுக்காகக் காத்து நிற்கிறது. நீங்கள் பத்து நாள் க்வென்ட் சீட்டாடிவிட்டுப் போனாலும் நீங்கள் கொல்ல வேண்டிய கிரிஃபின் என்ற அசுரம் அதே இடத்தில்தான் இருக்கும். ரோல்பிளேயில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. எதிரே எழுதுகிறவரின் பாத்திரமும் அவரவர் கதைக்கு நாயகன்தான். ஆகவே கெரால்ட்டிடம் உள்ளவற்றில் எது அவனுடையது, எது கண்ட்ரோலரைப் பிடித்திருப்பவர் ஜெயிப்பதற்காக வைத்தது என்று முதலில் பிரியுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். (இனி கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லாமல் முடியாது. இன்னும் ஆடி முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.)

முதலில், எந்த கெரால்ட்? போலந்து நாவல்களில் பிறந்தவன், 2007, 2011, 2015 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று கேம்களில் வளர்ந்தவன், 2019 முதல் நெட்ஃபிளிக்ஸ் தொடரிலும் வந்தவன். கேம்களின் கதை நாவல்கள் முடிந்த பிறகு நடப்பது. நாவல், கேம், தொடர் மூன்றையும் கலந்து எழுதினால், நாவல் மட்டும் படித்தவரும் கேம் மட்டும் ஆடியவரும் ஒரே நேரத்தில் "இது தப்பு" என்பார்கள். "மூன்றாம் கேமின் கெரால்ட், நாவல் நிகழ்ச்சிகள் அவன் கடந்தகாலம், தொடரைக் கணக்கில் எடுக்கவில்லை" என்று அப்ளிகேஷனின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்து கேனன் பாயிண்ட் (கேனன் என்றால் மூலக்கதை), அதாவது கதையின் எந்தக் கணத்திலிருந்து அவனைப் பிடுங்கி இந்த ஊரில் நடுகிறீர்கள் என்பது. பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். முதல் கேமின் தொடக்கத்தில் அவனுக்கு நினைவே இல்லை. உலகத்தை விளக்க வேண்டியதில்லை, வசதிதானே என்று தோன்றும். ஆனால் நினைவில்லாத கெரால்ட்டுக்குத் தேடவும் ஆளில்லை, இழக்கவும் ஒன்றுமில்லை. இரண்டே வாரத்தில் வெறும் வெள்ளைமுடி வாள்வீரனாகிவிடுவான். மறுமுனையில், மூன்றாம் கேமின் கூடுதல் கதையான 'பிளட் அண்ட் ஒயின்' முடிந்து டுசானில் திராட்சைத் தோட்டத்தோடு செட்டிலான கெரால்ட்டுக்குக் குறையே இல்லை. குறையில்லாதவன் ஏன் வீட்டைவிட்டு வெளியே வரப்போகிறான்? விட்சர்களின் கோட்டையான கேர் மோரெனில் நடக்கும் போருக்கு அடுத்த நாள் என்று வைத்தால் ஆசான் வெஸிமிரை இழந்த துக்கம் இருக்கும். எழுத நன்றாக இருக்கும், ஆனால் புதிதாகச் சந்திக்கிற யாரிடமும் அவன் வாய் திறக்கமாட்டான். அறிமுகக் காட்சிகளே முதல் மாதச் சாப்பாடு என்பதை மறக்காதீர்கள்.

என் பரிந்துரை: வெலனில் பிளடி பேரன் (Bloody Baron; குடித்துவிட்டு மனைவியை அடித்து, குடும்பத்தை இழந்த பகுதித் தலைவன்) விவகாரம் முடிந்த பின், மூடுபனித் தீவுக்குப் போய் வளர்ப்பு மகள் சிரியைக் கண்டுபிடிப்பதற்கு முன். அவள் உயிரோடிருப்பது தெரியும், எங்கே என்பது தெரியாது. ஆசை எரிந்துகொண்டிருக்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இப்படிப்பட்டவன் ஊரைவிட்டுப் போகவே பார்ப்பான், எவருடனும் ஒட்டமாட்டான். அதைத் தடுக்க அவன் ஆசையைக் குறைக்காதீர்கள். திரும்பும் வழியைத் தேடுவதையே வேலையாக்குங்கள். அந்த வேலைக்கு மற்றவர்களைக் கேட்டே ஆகவேண்டும் என்று அமையுங்கள். இந்த ஊரின் தெருவும் அவனுக்குத் தெரியாது, மந்திரமும் தெரியாது. தெரிந்தவர்களிடம்தான் போயாக வேண்டும்.

கேனன் பாயிண்டைக் குறித்ததும், அதுவரை நீங்கள் எடுத்த முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். கெரால்ட் மாதிரி பாத்திரத்தில் இதைத் தவிர்க்க முடியாது. இரண்டாம் கேமின் முடிவுகளையே, மூன்றாம் கேமில் விஸிமா அரண்மனையில் சவரம் செய்யும்போது தளபதி மோர்வ்ரன் வூர்ஹிஸ் கேட்கும் கேள்விகளில் நாம் தேர்ந்தெடுக்கலாம்: மன்னர்களைக் கொன்ற விட்சர் லெத்தோவைக் கொன்றானா விட்டானா, படைத்தலைவன் ரோஷின் பக்கம் நின்றானா கிளர்ச்சிக்கார எல்ஃப் ஐயர்வெத்தின் பக்கமா என்றெல்லாம். மூன்றாம் கேமில் மேட்டு மரத்தின் ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்பதைப் பொறுத்து, பேரன் தூக்கில் தொங்குவான், அல்லது புத்தி பேதலித்த மனைவியைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் வைத்தியரைத் தேடிப் போவான். 'எது சரியான தேர்வு' என்று யோசிக்க வேண்டாம். எந்தத் தேர்வு அவன் மனசில் இன்னும் உறுத்தும் என்று பாருங்கள். பேரன் செத்த கதையைச் சுமக்கும் கெரால்ட், இன்னொருவர் குடும்பச் சண்டையில் தலையிடும்போது ஒரு நொடி தயங்குவான். அந்த ஒரு நொடிதான் உங்களுக்கு வேண்டிய சரக்கு. காதலி யென்னஃபரா ட்ரிஸ்ஸா என்ற கேள்வி உங்கள் கேனன் பாயிண்டுக்குப் பிறகுதான் வருமென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

குழுவில் ஏற்கெனவே ஒருவர் சிரியையோ யென்னஃபரையோ எழுதுகிறாரா? அப்படியானால் அப்ளிகேஷன் அனுப்பும் முன் அவரிடம் ஓஓசியில், அதாவது பாத்திரத்துக்கு வெளியே நேரடியாக, பேசிவிடுங்கள். அவர் விளையாட்டில் லெத்தோ உயிரோடு, உங்களதில் பிணம் என்றால் முதல் உரையாடலிலேயே முட்டும். ஒரே முடிவுக்கு வரலாம். இல்லை, "இருவரும் சற்றே வேறான உலகங்களிலிருந்து வந்தவர்கள்" என்று ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவது வழியில் நல்ல காட்சிகளே கிடைக்கும், முன்கூட்டிப் பேசியிருந்தால்.

இதே வேலை 'ஸ்கைரிம்' கேமின் நாயகனுக்கு என்றால் இன்னும் பாடு. இனம், பெயர், பால் எதையும் கேம் சொல்லவில்லை. பெரும்பாலான குழுக்களில் அது கிட்டத்தட்ட சொந்தப் பாத்திரத்துக்கான அப்ளிகேஷன்தான். கெரால்ட்டுக்கு முகமும் குரலும் இருக்கிறது, அந்த வகையில் நீங்கள் பிழைத்தீர்கள்.

இனி பவர். அட்மின்கள் "அதிகம்" என்றதும் பலர் எல்லாவற்றையும் பாதியாகக் குறைப்பார்கள். பாதி வேகம், பாதி பலம் என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. ஒவ்வொன்றாக எடுத்து, "இது எதிரே இருப்பவர் எழுதவேண்டியதைப் பிடுங்குகிறதா?" என்று கேளுங்கள். சைன்கள் என்பவை விட்சரின் எளிய மந்திரங்கள். அந்த ஐந்தில் ஆர்ட் தள்ளிவிடும், இக்னி எரிக்கும், யெர்டன் தரையில் பொறி வைக்கும். இந்த மூன்றிலும் விலகுவதா, மாட்டுவதா என்பது எதிராளி கையில் இருக்கிறது. அப்படியே வைத்துக்கொள்ளலாம். க்வென் கேடயம். "ஒரு காட்சிக்கு ஒருமுறை, ஒரு அடி தாங்கும், பிறகு உடையும்" என்று எண்ணிக்கை போடுங்கள். எண்ணிக்கை போடாத கேடயம் எல்லா அடிக்கும் பதிலாகிவிடும், காட்மோட் (யாராலும் தோற்கடிக்க முடியாத நிலை) என்பார்கள், சொல்வதும் நியாயம்தான்.

அசல் வில்லங்கம் ஆக்ஸி. அது மனதை வளைக்கிறது. கேமில்கூட உரையாடலில் ஆக்ஸியைப் பல இடங்களில் பயன்படுத்த டெலூஷன் என்ற திறனை ஏற்றியிருக்க வேண்டும். ஆனால் அங்கே வளைந்து கொடுப்பவர் என்பிசி (எந்தப் பிளேயரும் இயக்காத துணைப்பாத்திரம்), இங்கே அவருக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். என் கணிப்பில் உங்கள் அப்ளிகேஷனைத் திருப்பி அனுப்ப வைத்ததே இந்த ஒரு வரிதான். இப்படி மாற்றுங்கள்: "ஆக்ஸி: என்பிசிகள் மேல் அட்மின் அனுமதியோடு மட்டும். மற்றவர் பாத்திரம் மேல், அந்த பிளேயர் முன்கூட்டியே சம்மதித்தால் மட்டும். விளைவை எழுதுவது அவரே." முழுக்கக் கழற்றிவிட்டாலும் கெரால்ட் கெரால்ட்டாகத்தான் இருப்பான்.

விட்சரின் கூர்மையான புலன்களுக்கும் இதே கவனம் வேண்டும். கேமில் பொத்தானை அழுத்தினால் தடயம் சிவப்பாக ஒளிரும். ரோல்பிளேயில் "அவள் உடையில் பழைய ரத்த வாடை இருப்பதை உணர்ந்தான்" என்று எழுதினால், அடுத்தவர் பாத்திரத்தின் ரகசியத்தை நீங்களே கண்டுபிடித்து நீங்களே அறிவிக்கிறீர்கள். பாத்திரத்துக்குத் தெரிய வழியில்லாததை எழுதும் மெட்டாகேமிங் பெரும்பாலும் இந்த மூக்கு வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. காட்சி தொடங்கும் முன் ஒரு வரி கேளுங்கள்: "இவன் மூக்குக்கும் காதுக்கும் எதாவது எட்டுமா?" ஓநாய்ப் பதக்கமும் அப்படியே. மந்திரம் அருகிலிருந்தால் அதிரும். யார் யார் பாத்திரத்துக்கு அதிரலாம் என்பதற்கு ஒரு நிரந்தர அனுமதிப் பட்டியல் வைத்தால், ஒவ்வொரு முறையும் கேட்கிற தொல்லை மிச்சம்.

மருந்துகளில்தான் கேமின் சௌகரியம் அப்பட்டமாகத் தெரியும். மூன்றாம் கேமில் ஒருமுறை காய்ச்சிய மருந்து தீர்ந்தால், பையில் வீரியமான சாராயம் ஒன்று இருந்து, தியானத்தில் உட்கார்ந்து எழுந்தால் போதும், எல்லாப் புட்டியும் நிறைந்திருக்கும். காயமும் ஆறிவிடும். கடினமான இரண்டு நிலைகளில் மட்டும் தியானம் காயத்தை ஆற்றாது. ரோல்பிளேக்கு அந்தக் கடினநிலை விதியை எடுத்துக்கொள்ளுங்கள். புட்டிகளை எண்ணி எழுதுங்கள்: காயம் ஆற்றும் ஸ்வாலோ 3, கேட் 2, தண்டர்போல்ட் 1. தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஸ்வாலோ காய்ச்ச ட்வார்வன் ஸ்பிரிட், 5 செலண்டைன் பூ, ட்ரௌனர் என்ற நீர்வாழ் அசுரத்தின் மூளை ஒன்று வேண்டும். இந்த ஊரில் ட்ரௌனர் கிடையாது. ஆகவே மூலிகை தெரிந்த ஒரு பாத்திரத்திடம் போய் மாற்றுச் சரக்கு கேட்பான். அது சரியாக வராது. கை நடுங்கும், இரண்டு நாள் பார்வை மங்கும். பவரைக் குறைக்கப் போய் உங்களுக்கு ஒரு கூட்டாளியும் ஒரு கதையும் கிடைத்துவிட்டன.

மருந்தில் இன்னொரு கொக்கியும் உண்டு. சாதாரண மனிதருக்கு விட்சர் மருந்து விஷம். ஒயிட் ஆர்ச்சர்டில் கிரிஃபின் தாக்கிக் கிடக்கும் லேனாவுக்கு ஸ்வாலோ கொடுப்பதா என்று மூலிகைக்காரி டொமீராவோடு பேசும் காட்சி ஞாபகமிருக்கிறதா? கொடுத்தால் பிழைப்பாள், ஆனால் பழைய லேனாவாக இருக்கமாட்டாள். குழுவில் ஒருவர் சாகக் கிடக்கும்போது கெரால்ட்டின் பையில் ஸ்வாலோ இருக்கிறது என்றால், அந்தக் காட்சி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கைச்சரக்கு: இரண்டு வாள், உடம்பில் இருக்கும் கவசம், மருந்துப் பை, பதக்கம். குதிரை ரோச் வேண்டுமானால் தனியாக அனுமதி கேளுங்கள். விசிலடித்ததும் எங்கிருந்தோ முளைப்பதெல்லாம் நடக்காது. கேமில் சேர்த்த ஐம்பது கிலோ ஆயுதங்களை மறந்துவிடுங்கள்.

இனி அந்த இரண்டாவது குறை. "கெரால்ட் நடுநிலையானவன், கடுமையானவன், ஆனால் உள்ளுக்குள் நல்லவன். சிரியை மகளாக நேசிக்கிறான். பேரனிடம் அவளைப் பற்றி விசாரிக்கப் போகிறான். பேரன் தன் மனைவியையும் மகளையும் கண்டுபிடிக்கச் சொல்கிறான்..." இப்படித்தான் எழுதியிருப்பீர்கள். முதல் வரியை எந்த நாயகனுக்கும் ஒட்டலாம், மீதி விக்கியில் இருக்கிறது. அட்மினுக்குத் தெரிய வேண்டியது, கேமில் இல்லாத ஒரு சூழலில் இவன் என்ன செய்வான் என்பதுதான். ஒவ்வொரு குணத்தையும் மூன்று துண்டாக எழுதிப் பாருங்கள்: அவன் சொல்வது, அவன் செய்வது, அந்த இடைவெளி இந்த ஊரில் எப்படித் தெரியும் என்பது.

எடுத்துக்காட்டாக: "விட்சர்களுக்கு உணர்ச்சி கிடையாது என்ற ஊர்ப்பேச்சை அவன் மறுப்பதில்லை. அது வசதியான பொய். வாடிக்கையாளர் அழுது கூலியைக் குறைக்காமலிருக்க உதவுகிறது. ஆனால் பேரன் வீட்டில் நடந்தது தெரியவந்ததும் அவன் குரல் மாறுவதை மறைக்க முடிவதில்லை. தகவலுக்காக அந்த ஆளோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் அவனைக் கசக்குகிறது. இங்கேயும் பிடிக்காத ஆளோடு பேரம் பேசுவான், வேலையை முடிப்பான், பிறகு அந்த ஆளோடு ஒரே மேசையில் உட்காரமாட்டான்." கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். கேமில் இல்லாதது, ஆனால் கேம் ஆடியவர் எவரும் மறுக்கமாட்டார். ஹெட்கேனன், அதாவது மூலக்கதையில் இல்லாமல் நீங்களே ஊகித்துச் சேர்ப்பது, அங்கே வந்து நின்றால் போதும். இப்படி நான்கு பத்திகள், மொத்தம் 500 சொல் அளவில் எழுதுங்கள். வரலாற்றை 150 சொல்லில் முடித்துவிடுங்கள்.

ஒரு குணத்தை மட்டும் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். உங்கள் குழுவில் ரத்தக்காட்டேரி, டிராகன், அரைப்பேய் என்று பலர் இருப்பார்கள். "அசுர வேட்டைக்காரன்" என்ற பட்டத்தை நம்பி, கெரால்ட் பார்த்த மாத்திரத்தில் வெள்ளி வாளை உருவுவதாக எழுதினால் முதல் வாரமே பாதிப் பேர் உங்களைத் தவிர்ப்பார்கள். கேனனுக்கும் அது பொருந்தாது. ட்ரோல்களோடு உட்கார்ந்து பேசுவான். உயர்வகை ரத்தக்காட்டேரியான ரெஜிஸ் அவனுக்கு உயிர்த்தோழன். அவனுடைய கேள்வி இரண்டுதான்: யாரையாவது கொன்றிருக்கிறதா? பேசிப் பார்க்க முடியுமா? இதை அப்படியே அப்ளிகேஷனில் எழுதுங்கள். அந்த ரத்தக்காட்டேரியின் பிளேயரே உங்களுக்குச் சிபாரிசு செய்வார்.

குரலுக்கு வருவோம். தமிழில் எழுதும்போது கேம் தீர்க்காத ஒரு முடிவை நீங்கள் எடுக்க வேண்டும்: யாரை நீ, யாரை நீங்க? ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். பேரரசர் எம்ஹிரின் முன் குனிவதா வேண்டாமா என்பதையே கேம் நம்மிடம் விடுகிறது. இப்படி வைத்துப் பாருங்கள்: கூலி தருபவருக்கும் முன்பின் தெரியாதவருக்கும் 'நீங்க', அதில் மரியாதையைவிடத் தூரம் அதிகம். சக விட்சர் லாம்பர்ட்டுக்கும், பழகிய யாருக்கும் 'நீ'. வெஸிமிருக்கு 'நீங்க', ஆனால் சூடான 'நீங்க'. மூன்று மாதம் கழித்து ஒருவரை முதல்முறை 'நீ' என்றால், எதிரே எழுதுபவர் அதைக் கவனிப்பார். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்குக் கிடைக்காத கருவி இது, வீணாக்க வேண்டாம்.

விவரிப்பு எழுத்துத்தமிழில், வசனம் பேச்சுத்தமிழில் இருக்கட்டும். டப்பிங் படத்து "அற்ப மானிடனே" பாணி கெரால்ட்டுக்கு அறவே ஒட்டாது. அவன் கூலிக்கு வேலை பார்க்கும் தொழிலாளி, பேச்சும் அப்படித்தான். வாக்கியம் நான்கைந்து சொல்லைத் தாண்டினால் வெட்டுங்கள். "ம்ம்" ஒரு போஸ்டுக்கு ஒன்றே ஒன்று. விட்சரை 'சூனியக்காரன்' என்று மொழிபெயர்க்காதீர்கள். அந்த உலகில் மந்திரவாதிகள் தனிக் கூட்டம், படிப்பவர் குழம்பிவிடுவார். 'விட்சர்' என்றே விடுங்கள்.

சாம்பிள் போஸ்டில் நடக்கும் தப்பு பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, "கண்ணிமைக்கும் நேரத்தில் வாள் அவன் கழுத்தில் இருந்தது. அவன் நடுங்கினான்." அடுத்தவர் பாத்திரத்தை நடுங்கவைக்க உங்களுக்கு உரிமையில்லை, இதைத்தான் பவர்பிளே என்கிறார்கள். "வாள் அவன் கழுத்தை நோக்கிப் போனது" என்று நிறுத்துங்கள். இன்னொன்று, சத்திரத்தின் மூலையில் தனியாக உட்கார்ந்து குடிக்கும் கெரால்ட். மூன்று பத்தி மழையும் மௌனமும் இருக்கும், பதில் எழுத ஒரு பிடியும் இருக்காது. கேம் கொடுத்த அறிவிப்புப் பலகையைப் பயன்படுத்துங்கள்:

கெரால்ட் பலகையிலிருந்து தாளைக் கிழிக்கவில்லை. விரலால் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். மழையில் பாதி எழுத்து கரைந்திருந்தது.

"கிணத்துக்குள்ள சத்தம். ராத்திரி மட்டும்." பக்கத்தில் நின்றவர் பக்கம் தலையைத் திருப்பாமலே கேட்டான். "இதை எழுதுனது நீங்களா? கூலி எவ்வளவுன்னு போடல."

சிறிது நேரம் கழித்து, "அந்தக் கிணத்துத் தண்ணியை இன்னும் குடிக்கிறீங்களா?"

அவ்வளவுதான். எதிராளி எழுதியவராக இருக்கலாம், இல்லாமலிருக்கலாம், தண்ணீர் குடித்திருக்கலாம். இரண்டு கேள்விக்கு மூன்று கதவு. கூலிப் பேரமும் கேனன்தான். கேமில் அதிகமாகக் கேட்கக் கேட்க எதிராளியின் எரிச்சல் அளவு ஏறும். இங்கே அந்த எரிச்சலை எழுதுவது எதிராளியின் வேலை.

ஊருக்குள் அவன் வந்து விழும் போஸ்டுக்கு ஒரு குறிப்பு: குழுவின் கதைப்படி எல்லாரும் போர்ட்டல் மாதிரி ஒன்றின் வழியாக வருகிறார்கள் என்றால் உங்கள் பாடு கொண்டாட்டம். கெரால்ட்டுக்குப் போர்ட்டல் என்றாலே ஆகாது. வந்து விழுந்ததும் வாய்க்குள் திட்டிக்கொண்டு எழுவான். செல்போனைக் கண்டு மிரளும் நகைச்சுவையை ஒருமுறையோடு நிறுத்துங்கள். மந்திரவாதிகள் தூரத்திலிருந்தே மெகாஸ்கோப் என்ற மந்திரக் கருவி வழியே பேசிக்கொள்ளும் உலகத்திலிருந்து வந்தவன் அவன்; அதையும் ஒரு மந்திரவாதியின் கருவியாக நினைத்து, சந்தேகத்தோடு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வான்.

திருத்தும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். இன்று ஆக்ஸி, க்வென், மூக்கு ஆகிய மூன்று வரிகளை மாற்றுங்கள்; பவர் பகுதி அதோடு சரியாகிவிடும். முடிவுகள் பட்டியலை எழுதி, சிரியை எழுதுபவர் இருந்தால் அவருக்கு அனுப்புங்கள். குணப் பகுதியைப் பழையதைத் திருத்தாமல், வெற்றுத் தாளில் புதிதாக எழுதுங்கள். பழைய வாக்கியங்கள் கதைச்சுருக்கத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். சாம்பிள் இரண்டு வையுங்கள்: ஒன்றில் சண்டையே இல்லாத பேரம், மற்றதில் அவன் தோற்கும் சண்டை. தோற்கும் சாம்பிளை வைப்பவர்கள் குறைவு. "பவர் அதிகம்" என்று சொன்ன அட்மின் அதைத்தான் முதலில் படிப்பார்.